எலெக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகு ஜீப் சூடாகிறதா? வயரிங், ஷ்ரவுட், பெரிய ஃபேன், பழைய பெல்ட் ஃபேன்: எதைத் தேர்வது

பழைய மஹிந்திரா ஜீப்பிலும் அம்பாசடரிலும் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப்பின் முகப்பிலேயே இருக்கும். பெல்ட் சுற்றினால் பம்ப்போடு சேர்ந்து ஃபேனும் சுற்றும். அதைக் கழற்றி எலெக்ட்ரிக் ஃபேன் போடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சத்தம் குறையும். டிராஃபிக்கில் நிற்கும்போதும் முழு வேகத்தில் காற்று இழுக்கும். என்ஜின் சுமை கொஞ்சம் இறங்கும். ஆற்றில் இறக்குகிற ஜீப்பில் வேண்டும்போது ஃபேனை நிறுத்திக்கொள்ளலாம். ஆழமான தண்ணீரில் சுற்றும் பெல்ட் ஃபேன் இலைகள் முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும்.

மாற்றிய சில நாளிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பை எட்டுகிறது என்றால் உடனே யோசனைகள் வரிசைகட்டி வரும். பெரிய ஃபேன் போடு, ரேடியேட்டரை மாற்று, தெர்மோஸ்டாட் வால்வை (என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது) கழற்றி எறி, பழைய ஃபேனையே மாட்டு. இவற்றில் வால்வைக் கழற்றுவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். பைபாஸ் வழி உள்ள என்ஜின்களில் வால்வு திறக்கும்போதே பைபாஸையும் மூடும். வால்வே இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப என்ஜினுக்குள் போகும். மலை ஏறும்போது சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

மற்ற வழிகளில் எது சரி என்பது வண்டி எப்போது சூடாகிறது, அன்றாடம் என்ன வேலை செய்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இதைப் பார்க்காமல் ஃபேன் வாங்கினால் இரண்டாவது முறையும் காசு போகும்.

எப்போது சூடாகிறது?

நின்றால் சூடு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் முள் இறங்குகிறது: காற்று போதவில்லை. குற்றம் ஃபேனிலோ, அதன் வயரிங்கிலோ, ஸ்விட்ச்சிலோ.

நின்றால் சரியாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் 70, 80இல் போனால் ஏறுகிறது: அந்த வேகத்தில் முன்கிரில் வழியே வரும் காற்றே போதும், ஃபேன் ஓடத் தேவையே இல்லை. அடைத்துப்போன ரேடியேட்டர், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், வழுக்கும் பெல்ட், ஹெட் கேஸ்கட் இவற்றில்தான் தேட வேண்டும். ஃபேனைச் சந்தேகிக்க ஒரே ஓர் இடம் உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றைத் தள்ளும் புஷ்ஷராகப் பொருத்தியிருந்தாலோ, பின்னால் இடைவெளியே இல்லாத முழு ஷ்ரவுட் (ரேடியேட்டரையும் ஃபேனையும் சேர்த்து மூடும் பெட்டி) போட்டிருந்தாலோ அதுவே வருகிற காற்றை மறிக்கும்.

டவுனிலும் சரி, ஹைவேயிலும் சரி, ஆனால் செகண்ட் கியரில் ஆள் ஏற்றி மலை ஏறினால் கொதிக்கிறது: மூன்றில் இதுதான் சிக்கலானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ ஜீப் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். கிரில் வழியே வரும் காற்று கணக்கில் சேராது. என்ஜினோ 2,500 ஆர்.பி.எம்.இல் முழு பாரம் இழுத்துக்கொண்டிருக்கும். பழைய பெல்ட் ஃபேன் என்ஜினோடு சேர்ந்து வேகமெடுத்திருக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் ஐடிலிங்கில் எவ்வளவு காற்று இழுத்ததோ அதே அளவைத்தான் இங்கும் இழுக்கும்.

முள் காட்டுவது நிஜமான சூடுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபேன் ஓடத் தொடங்கிய நொடியே முள் துள்ளி ஏறினால் அது எர்த் பிரச்சினை. தண்ணீரின் சூடு ஒரு நொடியில் 10 டிகிரி ஏறாது. ஃபேனின் எர்த் வயரை பாடியிலோ என்ஜினிலோ கண்ட போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். என்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் ஃபேன் கரன்ட் அங்கே தடுமாறி, சென்சார் சொல்வதைக் கெடுக்கும். எர்த்தை நேராக பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனால் முள் அடங்கிவிடும்.

காசு செலவில்லாத சோதனைகள்

ஃபேனை ஓடவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பரை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் போகிறது. தள்ளிவிட்டால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. வயரை மாற்றிய பிறகும் பேப்பர் பலவீனமாகத்தான் நிற்கிறது என்றால் இலைகளைப் பாருங்கள். பல ஆஃப்டர்மார்க்கெட் ஃபேன்களில் புல்லராகவும் (பின்னால் நின்று இழுப்பது) புஷ்ஷராகவும் பயன்படுத்த இலையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். வயரை மட்டும் மாற்றி இலையைத் திருப்பாமல் விட்டால் ஃபேன் சுற்றும், காற்றின் திசையும் சரியாக இருக்கும், ஆனால் இலையின் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் அளவு வெகுவாகக் குறையும். சத்தம் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வரும்.

பேப்பரை அப்படியே கோர் (ரேடியேட்டரின் டியூபும் ஃபின்னும் உள்ள நடுப்பகுதி) முழுக்க நகர்த்திப் பாருங்கள். நடுவில் ஒட்டி மூலைகளில் விழுந்தால், ஷ்ரவுட் இல்லை என்பதன் விளைவு கண்ணெதிரே தெரியும்.

அடுத்து தெர்மோ ஸ்விட்ச், சூடு ஏறியதும் ஃபேனைத் தானே போடுவது. அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து, ஃபேனை விடாமல் ஓடவிட்டு, வழக்கமாகச் சூடாகும் பாதையில் ஓட்டுங்கள். சூடு ஏறவில்லை என்றால் ஃபேன் போதுமானது. ஸ்விட்ச்சின் அளவோ அது இருக்கும் இடமோதான் தவறு. இந்த ஒரே சோதனை பாதிப் பேருக்குப் புது ஃபேன் செலவை மிச்சப்படுத்தும்.

பிறகு மல்டிமீட்டர். என்ஜின் ஓட, ஃபேன் ஓட, ஹெட்லைட்டும் எரிய, முதலில் பேட்டரியில் அளவெடுங்கள், பின் ஃபேன் பிளக்கிலேயே எடுங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், பிளக்கில் 13.3க்கு மேல் என்றால் சரி. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கைத் திரும்பச் செய்ய வேண்டும். ஃபேன் ஓடாதபோது எடுக்கும் அளவுக்கு அர்த்தமே இல்லை, கரன்ட் போகாத வயர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முழு வோல்ட்டேஜைக் காட்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளக்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டும் எண் பொய், ரப்பரிலோ கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோதான் நம்பலாம். இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்று போதவில்லை. மேலே நெருப்பாகவும் கீழே கை வைக்கும்படியும் இருந்தால் தண்ணீர் ஓடவில்லை: வால்வு, பம்ப், அடைப்பு அல்லது ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று). ஃபேன் மாற்றும்போது ரேடியேட்டரை இறக்கியிருந்தால் கடைசியாகச் சொன்னதுதான் முதல் சந்தேகம். வண்டியின் முகப்பை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஐடிலிங்கில் வால்வு திறக்கும் வரை விட்டு, குமிழி நிற்கும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். இதை ஆறிய என்ஜினில்தான் தொடங்க வேண்டும். சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

மலை ஏறும் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெல்ட் ஃபேனைப் பிடித்திருந்த அதே நாலு போல்ட்தான் பல என்ஜின்களில் பம்ப் புல்லியையும் பிடித்திருக்கும். ஃபேனும் ஸ்பேசரும் போனதும் போல்ட் நீளம் கூடிவிடுகிறது. மரை முடிந்த இடத்தில் போல்ட் இறுகி நின்றுவிடும், கையில் முறுக்கியவருக்கு டைட்டாகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் புல்லி தளர்வாகவே இருக்கும். சில பம்ப்களில் போல்ட் முனை பாடியில் உரசும். சரியான நீளத்தில் குட்டை போல்ட் போட வேண்டும். ஸ்பிரிங் வாஷரும் வேண்டும். கூடவே பெல்ட் இழுப்பையும் பாருங்கள், நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும்.

வழி ஒன்று: இருக்கிற ஃபேனுக்கே வயரிங்கும் ஸ்விட்ச்சும் சரிசெய்வது

செலவு சில நூறு ரூபாய். சோதனையில் வோல்ட்டேஜ் குறைவாகவோ ஸ்விட்ச் தவறாகவோ தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

வயரின் கணக்கு எளிது. ஃபேன் 15 ஆம்பியர் இழுக்கிறது, போகவர மொத்தம் 4 மீட்டர் வயர். 1 ஸ்கொயர் எம்.எம். வயர் என்றால் அதில் மட்டுமே 1 வோல்ட் போய்விடும். 4 ஸ்கொயர் எம்.எம். என்றால் கால் வோல்ட். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும் துருப்பிடித்த பாடி எர்த்தும் சேர்ந்தால் இன்னொரு வோல்ட் போகும். 13.5க்குப் பதில் 11.5 வோல்ட்டில் ஓடும் ஃபேனின் வேகம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும், காற்றும் அதே அளவு குறையும். மோட்டார் கெட்டுவிட்டது என்று மாற்றப்படும் ஃபேன்களில் எத்தனையோ இப்படி வோல்ட்டேஜ் கிடைக்காமல் போனவைதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து 15 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ். அங்கிருந்து 4 ஸ்கொயர் வயர் ரிலேயின் (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போடும் ஸ்விட்ச்) 30 என்று எண் போட்ட காலுக்கு. 87இல் இருந்து அதே கனத்தில் ஃபேனுக்கு. ஃபேனின் எர்த் அதே கனத்தில் பேட்டரி மைனஸுக்கு. 86க்கு சாவி போட்டால் கரன்ட் வரும் வயர், 85இல் இருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். டாஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து 85ஐ எர்த் செய்யும்படி இன்னொரு வழி கொடுத்தால் மலை ஏறத் தொடங்கும் முன்பே ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். 40 ஆம்பியர் ரிலே, ஃபேன் இழுக்கும் கரன்ட்டைப் போல ஒன்றரை மடங்கு ஃபியூஸ். கிளம்பும் நொடியில் மோட்டார் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதற்காகத்தான் இந்த இடைவெளி. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். மெல்லிய வயரோடு வரும் மலிவு ஃபியூஸ் ஹோல்டர் 20 ஆம்பியருக்கே உருகும். ஹாரன் வயரில் இருந்தோ ஹெட்லைட் வயரில் இருந்தோ ஃபேனுக்குக் கரன்ட் எடுத்திருந்தால் அதை அப்படியே வெட்டி எறியலாம்.

ஸ்விட்ச் விஷயத்தில் தவறுகள் இன்னும் அதிகம். ஆஃப்டர்மார்க்கெட் கிட்டில் வரும், ஃபின்களுக்கு நடுவே செருகும் குச்சி சென்சார் தண்ணீரின் சூட்டை அளக்காது. காற்றோட்டத்தில் இருக்கும் ஃபின்னின் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீர் 100ஐத் தொடும்போதும் அது 85 என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். மேல் ஹோஸின் நடுவில் உலோக அடாப்டர் போட்டு, மரை கொண்ட ஸ்விட்ச்சைத் திருகுவதே நம்பகமான வழி. ஹோஸ் ரப்பர் என்பதால் அடாப்டருக்குத் தனி எர்த் வயர் வேண்டும், ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் அது இல்லாமல் வேலையே செய்யாது.

தெர்மோஸ்டாட் வால்வு 82 டிகிரியில் திறக்கிறது என்றால், மேல் ஹோஸில் வைக்கும் ஸ்விட்ச் 92 முதல் 95க்குள் ஆன் ஆகி 87 வாக்கில் ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் அளவு வால்வு திறக்கும் அளவுக்குக் கீழே இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. கீழ் டேங்கில் வைப்பதானால் ஆறிய தண்ணீர் அங்கே வருவதால் 85ஐச் சுற்றி ஆன் ஆகும் ஸ்விட்ச் வேண்டும். மேலே போட வேண்டிய 95 ஸ்விட்ச்சைக் கீழே போட்டால், அது ஆன் ஆகும்போது என்ஜின் ஏற்கெனவே கொதித்திருக்கும்.

வழி இரண்டு: ஷ்ரவுட்

வயரிங் சரி, ஸ்விட்ச் சரி, நின்றால் இன்னும் ஏறுகிறது என்பவர்களுக்கு இதுதான் காசுக்கு அதிகப் பலன் தரும் வேலை.

கோர் 18க்கு 17 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்: 306 சதுர அங்குலம். 12 அங்குல ஃபேன் மறைப்பது 113. அதாவது ரேடியேட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் காற்று பார்க்கிறது, மீதி சும்மா நிற்கிறது. 14 அங்குல ஃபேனும் பாதியைத்தான் தொடும். கோரோடு ஒட்டி, பிளாஸ்டிக் கம்பியை ஃபின் வழியே குத்திக் கட்டிய ஃபேனில் இதுதான் நிலை. அந்தக் கம்பியும் நாளடைவில் அதிர்ந்து டியூபைத் தேய்த்து ஓட்டை போடும், அப்போது சூட்டோடு ஒழுகலும் சேரும்.

1.2 மி.மீ. அலுமினியத் தகட்டில், கோர் முழுவதையும் மூடும் பெட்டி போல, 40 முதல் 50 மி.மீ. ஆழத்தில் செய்யச் சொல்லுங்கள். ஃபேனின் வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் வட்டம் வெட்ட வேண்டும். சுற்றுவிளிம்பில் ஃபோம் ரப்பர் பட்டை ஒட்டி ரேடியேட்டரோடு காற்று புகாமல் அடைக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஃபேன் கோர் வழியே இழுப்பதை விட்டுவிட்டு அந்தச் சந்து வழியே என்ஜின் ரூமின் சூடான காற்றை இழுக்கும். எடை முழுவதும் ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் தாங்க வேண்டும், கோரில் அல்ல.

ஹைவேயில் ஓடும் வண்டி என்றால் ஷ்ரவுட்டின் மூலைகளில் மூன்று நான்கு சன்னல் வெட்டி, பின்பக்கம் ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். ஃபேன் இழுக்கும்போது மடல் ஒட்டி மூடிக்கொள்ளும், வேகத்தில் வரும் காற்று அதைத் தள்ளித் திறந்து வெளியே போகும். கம்பெனி ஷ்ரவுட்கள் சிலவற்றிலேயே இந்த மடல் உண்டு.

வழி மூன்று: பெரிய ஃபேன், அல்லது வேறு காரின் ட்வின் ஃபேன்

பெட்டியில் அச்சடித்த சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண்ணை நம்பி வாங்குவதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த எண் முன்னால் ரேடியேட்டர் இல்லாமல் வெறும் காற்றில் எடுத்தது. கோர் வழியாக இழுக்கும்போது அது நன்றாகவே இறங்கும்.

எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகப் பார்க்கலாம். ஏற்றத்தில் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 25 கிலோவாட், கோரைத் தாண்டும் காற்று 30 டிகிரி சூடேறுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 0.8 கிலோவுக்குச் சற்று மேல் காற்று வேண்டும். கன அளவில் முக்கால் கன மீட்டர், கடைக்காரர் பாஷையில் சுமார் 1,600 சி.எஃப்.எம். அதுவும் கோர் வழியாக. 80 வாட் மெல்லிய ஃபேனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது சி.எஃப்.எம்.மை விட்டுவிட்டு வாட்டையும் ஆம்பியரையும் கேளுங்கள். 6, 7 ஆம்பியர் ஃபேன் 80 வாட் வேலைதான் செய்யும். 20 ஆம்பியரைத் தொடுகிற ஃபேன்தான் ஜீப் டீசல் என்ஜினுக்குப் பேச்சுக்கு வரும்.

அதனால் புது ஆஃப்டர்மார்க்கெட் ஃபேனைவிட, உங்கள் என்ஜினுக்கு இணையான அல்லது அதிகத் திறனுள்ள காரில் இருந்து ஷ்ரவுட்டோடு கழற்றிய கம்பெனி ஃபேன் நல்ல தேர்வு. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் ஷ்ரவுட், மோட்டார், ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். வாங்கும் முன் கையில் டேப் இருக்கட்டும். உங்கள் கோரின் அகல உயரத்தோடு ஷ்ரவுட் எவ்வளவு பொருந்துகிறது என்று அளந்து, கோரின் பின்புறத்துக்கும் பம்ப் புல்லி முனைக்கும் உள்ள தூரத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஃபேன் மாட்டிய பிறகும் 20 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும், திடீர் பிரேக்கில் என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் முன்னால் வரும். கடையிலேயே பேட்டரியில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். இலையை முன்பின் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. பிளக்கை அறுக்காமல், அதற்குரிய வயரோடு ஒரு சாண் நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்தப் பிளக்கைத் தனியாகத் தேடி அலைவது பெரிய தலைவலி.

இங்கே முட்டுக்கட்டை ஆல்டர்னேட்டர். டைனமோ இருக்கும் பழைய வண்டியில் மொத்தமே 20 ஆம்பியரைச் சுற்றித்தான் வரும், அதில் ட்வின் ஃபேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரில் ஃபேனுக்கு 20, ஹெட்லைட்டுக்கு 9, வைப்பருக்கு 3, 4 என்று கூட்டினால் மழை இரவில் மிச்சம் இருக்காது. ஐடிலிங்கிலோ ஆல்டர்னேட்டர் அந்த 35ஐத் தருவதும் இல்லை. பேட்டரி இறங்க இறங்க ஃபேன் வேகமும் இறங்கும், அதோடு சூடும் ஏறும். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் செலவையும் சேர்த்துத்தான் இந்த வழியின் விலையைப் பார்க்க வேண்டும். இரண்டு ஃபேன் என்றால் ரிலேயும் ஃபியூஸும் ஆளுக்கொன்று தனித்தனியாக வேண்டும்.

வழி நான்கு: பெல்ட் ஃபேனுக்கே திரும்புவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் ஜீப்புக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை.

ஃபேன் விழுங்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: ஆர்.பி.எம். இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்கு. இதையே எலெக்ட்ரிக் விற்பவர் குறையாகச் சொல்வார், ஹைவேயில் அது உண்மையும்கூட, தேவையே இல்லாத இடத்தில் டீசலைத் தின்கிறது. ஆனால் ஏற்றத்தில் பெல்ட் ஃபேன் கிலோவாட் கணக்கில் சக்தியைக் காற்றாக மாற்றும். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்பது கால் கிலோவாட்தான். நிற்கும்போது கதை தலைகீழ். 750 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் பெல்ட் ஃபேன் சோம்பேறி, அங்கே எலெக்ட்ரிக் ஜெயிக்கும்.

இன்னொரு சாதகத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெல்ட் ஃபேன் ரேடியேட்டரை மட்டும் ஆற்றுவதில்லை; விடாமல் என்ஜின் மேலும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அம்பாசடரில் அதை எடுத்த பிறகு வெயிலில் நிறுத்தி எடுத்தால் வேப்பர் லாக் ஆகி (பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி) என்ஜின் இருமுகிறது என்றால், தண்ணீர்ச் சூடு சரியாக இருந்தும் பெட்ரோல் பம்ப் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

திரும்பும்போது பழைய ஷ்ரவுட்டையும் சேர்த்து மாட்டுங்கள். ஷ்ரவுட் இல்லாத பெல்ட் ஃபேனும் அரைகுறைதான். இலையின் பாதி ஷ்ரவுட் வளையத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். இலையில் விரிசலோ வளைவோ இருந்தால் மாட்டவே கூடாது, அந்த வேகத்தில் உடைந்த இலை பானெட்டையே கிழிக்கும். பம்ப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் பம்ப்.

ஏசி போட்ட ஜீப்புக்குக் கலப்பு வழி உண்டு: பின்னால் பெல்ட் ஃபேன், முன்னால் கன்டென்சருக்கு ஒரு சின்ன புஷ்ஷர். ஐடிலிங்கில் இது உதவும். காற்று வரும் வழியை மறைக்காத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

ரேடியேட்டர் எப்போது?

ஹைவேயில் சூடாகும் வண்டிக்கு மட்டும். அதிலும் புதிதாக வாங்கும் முன் பழைய பித்தளைச் செம்பு ரேடியேட்டரை டேங்க் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டியில் டியூபுக்குள் உப்புப் படிந்து வாய் சுருங்கியிருக்கும். சூடான நிலையில் கோர் முழுக்க அளந்தால் அடைத்த டியூப்கள் மட்டும் குளிர்ந்து காட்டும்.

இரண்டு வரிசைக் கோரை எடுத்துவிட்டு மூன்று, நான்கு வரிசைக் கோர் போடுவது பெல்ட் ஃபேனோடு நன்றாகப் போகும். பலவீனமான எலெக்ட்ரிக் ஃபேனோடு அது மோசமான ஜோடி. கனமான கோர் வழியே காற்றை இழுக்க அதிக அழுத்தம் வேண்டும், மெல்லிய ஃபேனால் அதைத் தர முடியாது. பெரிய ரேடியேட்டர் போட்டும் நின்றால் கொதிக்கிறது என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எல்லாவற்றுக்கும் முன் மூடியையும் தண்ணீரையும் பாருங்கள். 0.9 (பார் அழுத்தம்) என்று அச்சடித்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் 100லேயே கொதித்துத் தள்ளும். அதற்காக, குறைந்த அழுத்தத்துக்குச் செய்த பழைய ரேடியேட்டரில் 0.9 மூடியைப் போடாதீர்கள், ஈயப் பற்று விட்டுவிடும். கூலன்ட்டும் மினரல் நீக்கிய தண்ணீரும் பாதிப் பாதி. கூலன்ட் கூடினால் நல்லது என்று முழுக்க அதையே ஊற்றினால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும். ரெடிமிக்ஸ் என்று எழுதிய கேனில் மறுபடி தண்ணீர் கலக்க வேண்டாம்.

யாருக்கு எது

டவுனுக்குள் ஓடும் அம்பாசடர், சமவெளி ஜீப்: எலெக்ட்ரிக் ஃபேனை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வயரிங், ஸ்விட்ச், பிறகு ஷ்ரவுட். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

நெடுஞ்சாலைப் பயணமும் எப்போதாவது ஊட்டி, ஏற்காடும்: ஷ்ரவுட்டோடு கூடிய கம்பெனி ட்வின் ஃபேன், ரப்பர் மடல், டாஷ்போர்டு ஸ்விட்ச், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். இந்த நாலில் ஒன்றை விட்டாலும் வழி நான்கையே யோசிக்கலாம்.

பாரம் ஏற்றி மலை ஏறுவதே தொழில்: பெல்ட் ஃபேனை மாட்டுங்கள். ஆற்றைக் கடப்பதற்காகத்தான் எலெக்ட்ரிக் என்றால், அந்த ஆழம் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். எப்போதாவது வரும் தண்ணீருக்கு இறங்கும் முன் பெல்ட்டைக் கழற்றி, கடந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப்பும் நிற்கும் என்பதால் அந்த ஓட்டம் ஓரிரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். நண்பகல் வெயிலில் பானெட்டை மூடி 20 நிமிடம் ஐடிலிங். எலெக்ட்ரிக் ஃபேன் ஆன் ஆகி, சில நிமிடத்தில் ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆக வேண்டும். ஆன் ஆனது நிற்கவே இல்லை என்றால் முள் நடுவில் இருந்தாலும் கையிருப்பு எதுவும் இல்லை, அந்த வண்டி முதல் ஏற்றத்திலேயே கொதிக்கும். பிறகு வழக்கமான பாரத்தோடு வழக்கமான ஏற்றம். அது முடிந்ததும் என்ஜினை உடனே நிறுத்தாமல், ரிலேயையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த ஜாயின்ட் அடுத்த மாதம் உருகப் போகிறது, வயர் முனையின் லக்கைப் புதிதாக கிரிம்ப் செய்துவிடுங்கள் (அழுத்திப் பிடிக்கவிடுங்கள்).